பிள்ளைகளோடும் நாயோடும் பெர்லினுக்கு: சில ஆண்டுகள் வாழ்ந்தபின் எழுதுவது

சென்னை வேளச்சேரியிலிருந்து பெர்லினுக்கு நாங்கள் குடிவந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கணவருக்கு மென்பொருள் வேலை, நீல அட்டை விசா (படித்துத் தகுதிபெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கானது). வரும்போது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று. கூடவே சுக்கு, தெருவில் குட்டியாக எடுத்து வளர்த்த நாட்டு நாய். வந்த புதிதில் எழுதியிருந்தால் இது புலம்பலாகவோ புகழ்ச்சியாகவோதான் இருந்திருக்கும். எந்தக் கஷ்டம் முதல் வருடத்தோடு போய்விடும், எது கூடவே தங்கும் என்று இப்போதுதான் பிரித்துச் சொல்ல முடிகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்கு அதிக அவகாசம் வேண்டுமோ அவரை வைத்துத்தான் பயணத் தேதியையும், முடிந்தால் ஊரையும் தீர்மானிக்க வேண்டும். புறப்படுவதற்கு முன் எங்கள் வீட்டில் அதிக அவகாசம் தேவைப்பட்டது சுக்குவுக்கு. வந்த பிறகு, மகளுக்கு. இந்த இரண்டு பேருக்கும் நேரம் கொடுத்ததால்தான் மற்றதெல்லாம் ஒருவழியாக நடந்தது என்று நம்புகிறேன்.

கணவரின் கம்பெனி ஏற்பாடு செய்த குடிபெயர்வு நிறுவனம் விசா, விமான டிக்கெட், தற்காலிக வீடு எல்லாவற்றுக்கும் பட்டியல் தந்தது. நாயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்டபோது, "அது கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். கடைசி மாதத்தில் அதை ஒன்றுமே செய்ய முடியாது. ரேபிஸ் கட்டுக்குள் இருக்கும் நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வெளியிடும் பட்டியலில் இந்தியா இல்லை. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வரும் நாய்க்கும் பூனைக்கும் நீண்ட நடைமுறை. முதலில் தோலுக்கடியில் வைக்கும், ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரத்திலான 15 இலக்க அடையாள மைக்ரோசிப். சிப் போட்ட பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. அதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது, எத்தனை வருடம் ஒழுங்காகப் போட்டிருந்தாலும் சரி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அப்புறம் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. கூட்டிப் பார்த்தால் எல்லாம் முதல் முறையே சரியாக வந்தாலும் நான்கு மாதம். அளவு குறைந்துபோனால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம். ஆகவே ஆறேழு மாதம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல செய்தி: அளவு ஒருமுறை சரியாக வந்துவிட்டால், ஊசியை இடைவெளி விடாமல் போட்டுவரும் வரை அந்த முடிவு செல்லும்.

கடைசிக் கட்டம் அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம். சென்னையில் அது பள்ளிக்கரணையில் இருக்கிறது, எங்கள் வீட்டுக்குப் பக்கம். ஐரோப்பாவில் இறங்குவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் வாங்கிய சுகாதாரச் சான்றிதழ்தான் செல்லும். விமானத் தேதி மாறினால் இதுவும் மாற வேண்டும்.

இன்னொரு விதியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு முன்னும் பின்னும் ஐந்து நாளுக்குள் விலங்கும் பயணம் செய்தால்தான் அது வணிக நோக்கமில்லாத வருகையாகக் கருதப்படும். கணவர் வேலைக்காக முன்கூட்டியே போய்விட்டார். அதனால் சுக்குவின் தாள்கள் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே என் பெயரில் எடுத்தோம். முதலில் அப்பா போவது, பிறகு குடும்பம் போவது என்பது நம் ஊரில் வழக்கம். நாய் இருந்தால், அது யாரோடு வரப்போகிறதோ அவர் பெயரில் எல்லாம் இருக்கட்டும். நாயின் இனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல்டெரியர், புல்டெரியர் ஆகிய நான்கு இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் ஜெர்மனிக்குள் கொண்டுவர 2001-இலிருந்தே தடை இருக்கிறது.

சுக்குவின் எடைக்கு இருக்கைப் பகுதியில் இடமில்லை, கூண்டில்தான் வர வேண்டும். நாய் உள்ளே நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் வேண்டும் என்பது விமானத் துறையின் விதி. கூண்டைப் பல மாதங்கள் முன்பே வாங்கிக் கூடத்தில் கதவில்லாமல் வைத்துவிட்டோம். சாப்பாடு அதற்குள், தூக்கம் அதற்குள், மகனும் பாதி நேரம் அதற்குள். புறப்படும்போது அது சுக்குவுக்குத் தன் இடமாகிவிட்டிருந்தது. பயணத்துக்குத் தூக்க மருந்து கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கால்நடை மருத்துவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். பறக்கும்போது மூச்சும் ரத்த அழுத்தமும் தாழ்ந்துபோகும் ஆபத்து அதில் இருக்கிறது. சென்னையிலிருந்து நேராக ஃபிராங்க்ஃபர்ட். அங்கே பரிசோதனை முடிந்தபின் இன்னொரு விமானம் ஏற்றாமல் ரயிலில் பெர்லின் வந்தோம். ஜெர்மன் ரயிலில் பெரிய நாய்க்குத் தனி டிக்கெட், கயிறு, வாய்மூடி மூன்றும் வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேலான அந்தப் பயணத்தில் பிள்ளைகளின் காலடியிலேயே அது படுத்து வந்தது. அந்த முடிவை இன்றும் மெச்சிக்கொள்கிறேன்.

வீட்டுத் தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே எல்லாம் முகவரிப் பதிவில், இவர்கள் சொல்லும் ஆன்மெல்டுங்கில், தொடங்குகிறது. குடிபுகுந்து 14 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. தற்காலிக வீடு தருபவர்களில் சிலர் இதைத் தர மறுக்கிறார்கள். முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், ஏனென்றால் வரி எண்ணிலிருந்து குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை வரை எல்லாம் இதன் பின்னால்தான் வருகின்றன. அந்த உதவித்தொகை 2025-இல் பிள்ளைக்கு மாதம் 255 யூரோவாக இருந்தது. தாமதமாக விண்ணப்பித்தால் முந்தைய ஆறு மாதத்துக்கு மட்டுமே கிடைக்கும். நாய்க்கு வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். ஒப்பந்தத்தில் நாய் பூனையைப் பொத்தாம்பொதுவாகத் தடைசெய்யும் விதி செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் வீடு தேடும் நிலையில் சட்டம் பேசி வீடு கிடைப்பதில்லை. சுக்குவின் படம், காப்பீட்டுத் தாள் இரண்டையும் விண்ணப்பத்தோடு வைத்தோம். கடைசியில் ஷ்பாண்டாவ் பகுதியில் ஒரு வயதான வீட்டுக்காரர் சரி என்றார். அவரும் நாய் வளர்த்தவர்.

பெர்லினில் நாய் வளர்ப்பது நம் ஊரைவிடச் செலவு, ஆனால் நாய்க்கு நல்ல வாழ்க்கை. முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ வரி. நாய் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 முதல் நாய்ப் பதிவேட்டில் பதிவதும் கட்டாயம். கால்நடை மருத்துவக் கட்டணங்கள் நாடு முழுக்கச் சட்டப்படி வரையறுக்கப்பட்டவை. 2022 நவம்பரில் அவை கணிசமாக உயர்ந்தன. மருத்துவக் காப்பீட்டை நாய் இளமையாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. முதல் சந்திப்பிலேயே நாய் தென்னிந்தியாவிலிருந்து வந்தது என்று மருத்துவரிடம் சொல்லி, உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப் புழுவுக்கும் ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகிக்கும் எர்லிக்கியா என்ற அந்த உண்ணிக் காய்ச்சல் இங்குள்ளவர்களுக்கு உடனே நினைவுக்கு வராது.

குளிரை நாட்டு நாய் தாங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடி குட்டை என்பதால் மேலங்கி வேண்டும், மற்றபடி தாங்குகிறது. க்ரூனவால்ட் காட்டில் கயிறில்லாமல் ஓடவிடப் பெரிய பரப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். சுக்கு அங்கே ஓடுவதைப் பார்க்கும்போது இவ்வளவு அலைச்சலுக்கும் பதில் கிடைத்த மாதிரி இருக்கும். தாங்காதது டிசம்பர் 31 இரவுதான். தீபாவளிக்கு வேளச்சேரியில் கட்டிலடியில் பதுங்கிய நாய்க்கு பெர்லினின் புத்தாண்டு வெடிச் சத்தம் அதைவிட மோசம். அந்த வாரம் ஊரைவிட்டுக் கிராமப்புறம் போய்விடுகிறோம்.

மகன் விஷயம் எளிது. பெர்லினில் மழலையர் காப்பகமான கிட்டாவுக்கு 2018 முதல் கட்டணமில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. இடம் கிடைப்பதுதான் பாடு. தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் 2020 முதல் எந்தக் காப்பகமும் சேர்க்காது, பள்ளியிலும் அதைக் காட்ட வேண்டும். இரண்டு தவணையும் தேதியோடு எழுதியிருந்த நம் ஊர் தடுப்பூசி அட்டை அங்கே கைகொடுத்தது. பிள்ளை பழகும் வரை பெற்றோரில் ஒருவர் சில வாரம் கூடவே உட்கார வேண்டும். அதற்கு விடுப்பு எடுத்துவையுங்கள். பல மாதம் அங்கே வாயே திறக்காமல் இருந்தவன், ஒரு நாள் முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்துவிட்டான். அந்த மௌனம் இயல்பானது என்று காப்பக ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னார், அது உண்மைதான்.

மகள் விஷயம் வேறு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இழப்பதற்கு நிறைய இருக்கும். சென்னையில் வகுப்பில் முதலில் கையைத் தூக்குகிறவள், இங்கே தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கவும் சொல் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மொழி தெரியாத பிள்ளைகளுக்கென்று இருக்கும் வரவேற்பு வகுப்பில் சேர்த்தார்கள். சிரியா, உக்ரைன், வியட்நாம் என்று பல ஊர்ப் பிள்ளைகள். எல்லோரும் ஒரே நிலையில் இருந்ததால் அங்கே ஒட்டிக்கொண்டாள். ஆனால் ஜெர்மன் வந்ததும் வழக்கமான வகுப்புக்கு மாற்றினார்கள். கிடைத்த தோழிகள் மறுபடி போனார்கள். அந்த இரண்டாவது மாற்றம் முதல் மாற்றத்தைவிட அவளை வதைத்தது. அதைப் பற்றி எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தாலே அவளுக்கு வயிறு வலிக்கும். மதிப்பெண்ணைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே 1 என்பது சிறந்தது, 6 என்பது மோசம். அவள் 4 வாங்கி வந்தாலும் சரிம்மா என்றுதான் சொன்னோம்.

அவளை மீட்டதில் சுக்குவுக்குப் பெரிய பங்கு. பள்ளி முடிந்ததும் அதைக் கூட்டிக்கொண்டு போவது அவள் வேலை. நாயோடு போகும் பிள்ளையிடம் அக்கம்பக்கத்துக் கிழவிகளும் மற்ற நாய்க்காரர்களும் நின்று பேசுவார்கள். தப்பாகப் பேசினாலும் யாரும் திருத்தமாட்டார்கள், சிரிக்கமாட்டார்கள். வகுப்பில் வராத ஜெர்மன் பூங்காவில் வந்தது. நாயைச் சென்னையிலேயே யாரிடமாவது விட்டுவிட்டு வரச் சொன்ன உறவினர்கள் பலர். விட்டுவந்திருந்தால் அவள் இழந்தவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் சொன்னதற்குக் காரணமும் அவள்தான். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிந்து, பிள்ளைகள் வேறுவேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்பு வரை நீள்கிறது. ஒன்பது வயதில் வந்த பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம் பெரிய வரம். கணவருக்கு ம்யூனிக்கிலும் வாய்ப்பு இருந்தது, சம்பளமும் கூடுதல். பிள்ளையின் வயதைப் பார்த்து பெர்லினை எடுத்தோம். மேல்நிலைப் பள்ளிக்குத் தன் மதிப்பெண்ணிலேயே இடம் வாங்கினாள். மாணவர்களுக்கு நகரப் போக்குவரத்து இலவசம் என்பதால் தனியாகவே ரயிலில் போய்வருகிறாள். அந்தச் சுதந்திரத்தைச் சென்னையில் அந்த வயதில் என்னால் கொடுத்திருக்க முடியாது.

தமிழ் வீட்டில் தாராளமாக ஓடுகிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியும், பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலும் பல பத்தாண்டுகளுக்கு முன் அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பியவை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் எங்களுக்குக் கிடைப்பது அவர்கள் கடைகளில். நாங்கள் எல்லா வசதியோடும் வந்து உட்காரும் இடத்தை அவர்கள் ஒன்றுமில்லாமல் வந்து உண்டாக்கினார்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் குறையாதது ஒன்றே, பெற்றோரின் தூரம். சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் அவர்கள் இருக்க முடியும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊரில் அவர்களைக் கோடையில் மட்டுமே அழைக்கிறோம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா ஃபோனில் சொல்லும் நாட்களில் வேறெந்த வசதியும் கணக்கில் வருவதில்லை. நாங்கள் ஊருக்குப் போகும்போது சுக்குவைக் கூட்டிப்போகவும் வழியில்லை. இரண்டு வருடம் தொடர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு நிரந்தரமாக இந்தியா திரும்புகிறவர்கள்தான் வளர்ப்பு விலங்கைத் தங்கள் பயணச் சாமானோடு கொண்டுவர முடியும், அதுவும் இரண்டு வரை. அதற்கும் அந்தச் சான்றளிப்பு நிலையத்தின் முன் அனுமதி வேண்டும். ஒரு வருடம் போய்ப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் எல்லோருமாகத் திரும்பிவிடலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் நாய்க்கு ஊசி போடுமுன் இந்த விதியை நன்றாகப் படித்துவிடுங்கள்.