பேர் இல்லாத மெஸ்ஸும் நான் அடித்த போர்டும்

"வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க. வீட்ல யாரும் இல்ல. அதனால பதினோரு நாளா வீட்டுச் சாப்பாடுதான்." கேட்டவர்களுக்கெல்லாம் இப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வீடு என் மனைவி, இரண்டாவது கட்டடம், மூன்றாவது நான் சாப்பிட்ட மெஸ். நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் குழம்பவில்லை.

திருநெல்வேலி டவுனில் தெற்கு ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு முடுக்கு, அதாவது குறுகலான சந்து. உள்ளே வரிசையாக வீடுகள் இருக்கிற ஒரு பழைய வளவு, அதில் முதல் வீடு. மெஸ்ஸுக்கென்று பேர் கிடையாது. 'வீட்டுச் சாப்பாடு' என்று போர்டு மட்டும் தொங்கும். அந்த போர்டு நான் அடித்தது. பதினேழு வருஷமாக ஃபிளெக்ஸ் டிசைன்தான் எனக்குச் சோறு.

மெஸ் நடத்துகிற ஆச்சியின் மகன் முதலில் 'இல்ல உணவு' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். கௌரவமாக இருக்குமாம். "தம்பி, நம்ம ஆளுக இதை 'உணவு இல்ல'ன்னு வாசிச்சிட்டு அடுத்த கடைக்குப் போயிருவாங்க" என்றேன். ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீடுன்னே போடுங்கய்யா, வீடுதான இது?" ஒற்று 'ச்' வேண்டாம், இடம் மிச்சம் என்றார் மகன். அதற்கு மட்டும் நான் இறங்கி வரவில்லை.

என் தொழிலில் இந்தச் சொற்களுக்கெல்லாம் தனித்தனி ரேட் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வேன். இல்லம் என்றால் வாசல் கல் அல்லது முதியோர் இல்லம். மனை என்றால் கல் ஊன்றிய பொட்டல், பக்கத்தில் ஃபோன் நம்பர். கார்டில் 'புதுமனை புகுவிழா' என்று அடிக்கச் சொல்கிறவரும் நேரில் அழைக்கும்போது, "வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம், வந்திருங்க" என்பார். மண்டபத்தில் நடந்தாலும் அது கல்யாண வீடுதான். கண்ணீர் அஞ்சலி போர்டு போகிற இடம் துட்டி வீடு. விடு என்பதிலிருந்து வந்தது வீடு. அறம், பொருள், இன்பத்துக்குப் பிறகு வருகிற வீடும் அதுதான். விடுதிக்கும் அதே வேர். பேச்சிலர் பையன்களிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தார்சாவில், அதாவது வாசலை ஒட்டிய முன்பகுதியில், நாலு பெஞ்ச், அவ்வளவுதான். பட்டாசல் கூடத்தில் தாத்தா டிவி பார்த்துக்கொண்டிருப்பார், சத்தத்தைக் குறைக்க மாட்டார். சாதா நாளில் 90 ரூபாய். செவ்வாய்க்கிழமை உளுந்தம்பருப்பு சோறும் எள்ளுத் துவையலும். அன்று நான் கடைக்குத் திரும்பி வேலை பார்த்தேன் என்று சொன்னால் பொய். வியாழக்கிழமை சொதி, 130 ரூபாய். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் நம்ம பக்கம் ஊற்றுகிற அதே சொதி. கை கழுவப் புறவாசலுக்குப் போகிற வழியில் அடுக்களையை எட்டிப் பார்த்தேன். மூன்றாம் பாலில் காய் வெந்துகொண்டிருந்தது: முருங்கைக்காய், கேரட், உருளை, பட்டாணி. இரண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும் சேர்ந்தன. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு ஆச்சி ஒரு நிமிஷம் சும்மா நின்றார். ஆவி அடங்கியதும்தான் முதல் பாலை விட்டார். "கொதிச்சா திரிஞ்சிரும்லா" என்று எலுமிச்சம்பழத்தைக் கடைசியில் பிழிந்தார். இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டு மூன்று தடவை வாங்கினேன். நாலாவது தடவை கேட்காமலே ஊற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இலை பேப்பர் இலை. தாமிரபரணிக் கரையில் இத்தனை வாழை இருக்கிற ஊரில் இதை எப்படி மன்னிப்பது? ரசத்தில் இரண்டு நாள் உப்பு தூக்கல். மீதி வைத்தால், "ஏன்யா, பிடிக்கலியா?" என்று ஆச்சி நாலு பேர் முன்னால் கேட்பார். வீடு என்று போர்டு போட்டதற்கு இதையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரி வந்த அன்று சொதி விஷயத்தை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்படியா, அப்ப அங்கனயே சாப்பிட்டுக்கிடுங்க" என்றாள். இரண்டு நாள் சாம்பார்தான்.

போகிறவர்கள் வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். ஒன்றரைக்கு மேல் சட்டியில் முருங்கைக்காய்தான் கிடக்கும். ஞாயிறு லீவு.