விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒரே அலுவலகத்தில்: கோப்பும் பிரிண்டரும் எந்த வழியில்?

நான்கு விண்டோஸ் 11, ஒரு மேக், ஒரு உபுண்டு, யுஎஸ்பி கேபிளில் ஒரு பழைய லேசர் பிரிண்டர். டிடிபி கூடமோ ஆடிட்டர் அலுவலகமோ, சிறிய இடங்களில் பெரும்பாலும் இருப்பது இவ்வளவுதான். பொதுக் கோப்புறை வைக்கப் பல வழிகள் உண்டு, பிரிண்டரைப் பகிரவும் பல வழிகள் உண்டு. அமைத்த அன்று எல்லாமே ஓடும். அப்டேட் வந்த மறுநாள் எது நிற்கிறது, நின்றால் காரணம் எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது என்பதை வைத்தே இங்கே எடை போடுகிறோம்.

ஒப்பிடும் முன் ஒரு சோதனை

“நெட்வொர்க்கில் அந்தக் கணினி தெரியவில்லை” என்ற ஒரே புகாருக்குள் மூன்று கோளாறுகள் ஒளிந்திருக்கும்: பெயர் கிடைக்காதது, போர்ட் (நெட்வொர்க் சேவைக்கான எண்ணிட்ட வாசல்) அடைபட்டது, உள்நுழைவு மறுக்கப்பட்டது. பிரித்துப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்று ஐபி எண்ணையே அடியுங்கள். திறந்துகொண்டால் பகிர்வில் குறையில்லை, பெயர் தேடலில்தான் குறை. விண்டோஸ் கோப்புப் பகிர்வு பேசும் நெறிமுறை எஸ்எம்பி. அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1, விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து (2017) இயல்பாக நிறுவப்படுவதில்லை. “நெட்வொர்க்” பட்டியலை நிரப்பிவந்த பழைய ஏற்பாடும் அதோடு போயிற்று. இப்போது விண்டோஸ் யுடிபி 3702 வழியே தேடுகிறது; மேக் 5353 வழியே அறிவிக்கிறது. லினக்ஸில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரலைப் போட்டால் விண்டோஸ் பட்டியலில் பெயர் வந்துவிடும். பட்டியலில் பெயர் வரவேண்டும் என்பதற்காக எஸ்எம்பி 1-ஐ மீண்டும் இயக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றி வருகிறது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் புகுந்தது அந்த வாசல் வழியாகத்தான். தொடாதீர்கள்.

ஐபி எண்ணிலும் திறக்கவில்லையா? பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளைக்கு அந்த ஐபியையும், எஸ்எம்பி பயன்படுத்தும் 445 என்ற போர்ட்டையும் கொடுங்கள். மேக், லினக்ஸ் டெர்மினலில் ‘என்சி’ கட்டளை இதே வேலையைச் செய்யும். ஃபால்ஸ் என்று வந்தால் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பகிரும் கணினியின் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா, வைஃபை ‘கெஸ்ட்’ பெயரில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அதிகம் காணப்படும் காரணம் இன்னொன்று: இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி 192.168.1 வரிசையிலும், கடையில் வாங்கிய ரவுட்டர் 192.168.0 வரிசையிலும் எண் கொடுத்துக்கொண்டிருக்கும். ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடும். அந்த வசதி இல்லாத ரவுட்டரில் டிஹெச்சிபியை (தானாக ஐபி எண் கொடுக்கும் வசதியை) அணைத்து, அதன் சொந்த ஐபியையும் ஃபைபர் பெட்டியின் வரிசைக்கு மாற்றி, கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து லான் துளையில் செருகுங்கள்.

கோப்புக்கு: விண்டோஸ் கணினியா, லினக்ஸ் சாம்பாவா?

விண்டோஸ் கணினி ஒன்றையே சர்வராக்கினால் செலவில்லை. ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை ஏற்கும். சிறு அலுவலகத்துக்குப் போதும். சிக்கல் உள்நுழைவில். நாலு இலக்க பின் நம்பர் அந்தக் கணினிக்கு மட்டுமே. நெட்வொர்க் வழியே செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால் மின்னஞ்சலே பயனர்பெயர், அந்தக் கணக்கின் முழுக் கடவுச்சொல்தான் கடவுச்சொல். பின்னிலும் கைரேகையிலும் மட்டுமே நுழைந்துவந்த கணினியில் அந்தச் சரியான கடவுச்சொல்லையும் மறுக்கும், ஏனென்றால் அதை அந்தக் கணினி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பகிர்வுக்கென்றே ‘ஆபீஸ்’ போன்ற பெயரில் ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி, மேக்கிலும் உபுண்டுவிலும் அதையே கொடுப்பதுதான் தலைவலி இல்லாத வழி.

கடவுச்சொல்லே வேண்டாம், ‘எவ்ரிஒன்’ போதும் என்ற பழைய பழக்கம் இனி ஓடாது. விண்டோஸ் 11 ப்ரோ, 24ஹெச்2 பதிப்பிலிருந்து கெஸ்ட் இணைப்பை மறுக்கிறது. ஒவ்வொரு எஸ்எம்பி இணைப்பிலும், செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்தையும் கட்டாயமாகக் கேட்கிறது. யாரென்று தெரியாத கெஸ்ட் எதைக் கொண்டு கையொப்பமிடும்? பழைய நாஸ் பெட்டிகள் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகள்) திடீரென்று நின்றதும் இதனால்தான். அனுமதியில் இன்னொரு பொறி: பகிர்வு அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி (வட்டில் உள்ள கோப்புறைக்கே உரியது) இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். கோப்புறை திறக்கிறது, சேமிக்க விடவில்லை என்றால் ‘செக்யூரிட்டி’ தாவலைப் பாருங்கள்.

சாம்பா என்பது லினக்ஸ் கணினியை விண்டோஸ் போலவே கோப்பு பகிர வைக்கும் மென்பொருள். அதற்கு ஒரு பழைய கணினி வேண்டும், அரை நாள் வேலையும் உண்டு. ஆனால் அமைப்பு முழுவதும் ஒரே உரைக் கோப்பில் இருக்கும். ‘டெஸ்ட்பார்ம்’ கட்டளை எழுத்துப் பிழையைக் காட்டும். மறுப்புக்கான காரணம் பதிவேட்டில் விழும். விண்டோஸ் காட்டும் 80070035 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இப்படித் தேட முடியாது. புதியவர்கள் தவறும் இடங்கள் இரண்டு. லினக்ஸ் கடவுச்சொல்லும் சாம்பா கடவுச்சொல்லும் தனித்தனி. ‘எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி’ கட்டளையால் பயனரைச் சேர்க்காதவரை நுழைய முடியாது. அடுத்தது, ஒருவர் வைத்த கோப்பை மற்றவர் திருத்த முடியாமல் போவது. கோப்புறையை ஒரு குழுவுக்குக் கொடுத்து 2775 அனுமதி வையுங்கள் (குழுவினர் எல்லாரும் எழுதலாம், புதிய கோப்பும் அதே குழுவுக்குச் சேரும்). சாம்பாவில் ‘கிரியேட் மாஸ்க்’ 0664, ‘டைரக்டரி மாஸ்க்’ 2775. மேக் இருந்தால் ‘ஃப்ரூட்’, ‘ஸ்ட்ரீம்ஸ்_எக்ஸ்ஆட்டர்’ தொகுதிகளைச் சேர்த்தால் மேக் உருவாக்கும், புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் துணைக் கோப்புகள் கோப்புறை எங்கும் சிதறுவது குறையும்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஒரு விண்டோஸ் குணம்: ஒரு சர்வருக்கு ஒரு பயனர்பெயர்தான். காலையில் ‘ரவி’ என்று நுழைந்த கணினி மதியம் ‘ஆபீஸ்’ என்று கேட்டால் 1219 பிழை வரும். ‘நெட் யூஸ்’ கட்டளையால் பழைய இணைப்பை நீக்கி, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்ததையும் அழியுங்கள்.

மேக்கைச் சர்வராக்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வேறு வழியில்லையென்றால், ஃபைல் ஷேரிங் அமைப்பில் ‘விண்டோஸ் ஃபைல் ஷேரிங்’ என்பதன் கீழ் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக டிக் போட வேண்டும். என்எஃப்எஸ் என்ற யூனிக்ஸ் வகைப் பகிர்வு முறை லினக்ஸுக்கு லினக்ஸ் நன்றாக ஓடும். ஆனால் வழக்கமான அமைப்பில் அது பயனரின் பெயரைப் பார்ப்பதில்லை, பயனர் எண்ணைத்தான் பார்க்கும். உபுண்டுவின் முதல் பயனர் 1000, மேக்கின் முதல் பயனர் 501. கலப்பு அலுவலகத்தில் அது வேண்டாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ‘கோ’ என்பதன் துணைக்குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். ஹெச்எஃப்எஸ்+ என்ற பழைய வட்டு அமைப்பு கொண்ட மேக் இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து ஜிப்பாக வந்த ‘கோவில் மலர்’ கோப்பும் விண்டோஸில் அடித்த ‘கோவில் மலர்’ கோப்பும் லினக்ஸ் வட்டில் வேறு வேறு. ஒரே பெயரில் இரண்டு கோப்பு நிற்கும், தேடினால் ஒன்றுதான் கிடைக்கும்.

பிரிண்டருக்கு

வழிகள் மூன்று: விண்டோஸ் பகிர்வு, பிரிண்டரோடு நேரடி இணைப்பு, லினக்ஸ் வழி. விண்டோஸ் வழியே பகிர்வதுதான் எல்லாரும் செய்வது. மூன்றில் மோசமானதும் அதுவே. 2021-இல் பிரிண்ட் ஸ்பூலர் (அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் விண்டோஸ் சேவை) ஓட்டைகள் வெளிவந்த பிறகு மைக்ரோசாஃப்ட் வரிசையாகப் பூட்டுப் போட்டது. ஆகஸ்டில் டிரைவர் நிறுவ அட்மின் உரிமை கட்டாயமாயிற்று. செப்டம்பர் அப்டேட்டுக்குப் பின் 11பி என்று முடியும் பிழை வந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் அது மறையும், ஆனால் அடைத்த ஓட்டை திரும்பத் திறக்கும். இரு பக்கமும் முழு அப்டேட் செய்வதே முறை. விண்டோஸ் 11, 22ஹெச்2-இலிருந்து கணினிகள் அச்சு வேலைக்காகப் பேசும் வழி ‘நேம்டு பைப்’ முறையை விட்டு டிசிபி முறைக்கு மாறியதால் பழைய விண்டோஸ் 10 ஹோஸ்டுடன் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. இந்த வழியிலேயே இருந்தாக வேண்டுமென்றால், டிரைவரை ஒவ்வொரு கணினியிலும் தனியாக நிறுவி, ‘லோக்கல் போர்ட்’ உருவாக்கி, அதில் கணினி பெயரையும் பகிர்வுப் பெயரையும் கொடுங்கள். மேக்கிலிருந்து அனுப்பிய வேலை அங்கீகாரத்துக்காகக் காத்து நின்றால், கீசெயினில் (மேக்கின் கடவுச்சொல் பெட்டகம்) உள்ள பழைய கடவுச்சொல்லை நீக்கிப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

லான் அல்லது வைஃபை உள்ள பிரிண்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம், நேரடி வழிதான். ரவுட்டரில் அதற்கு ஐபியை ஒதுக்குங்கள். விண்டோஸ் தானாகத் தேர்ந்தெடுக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை விட்டு, ‘ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்’ 9100 வையுங்கள். பிரிண்டர் விழித்திருக்கும்போதே ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், போர்ட் அமைப்பில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ டிக்கை எடுத்தால் பெரும்பாலும் தீரும். பிரிண்டரில் ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமல் அச்சிடும் ஆப்பிள் முறை) இருந்தால் மேக்கும் உபுண்டுவும் டிரைவர் இல்லாமலே அச்சிடும்.

யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய பிரிண்டருக்கு, சாம்பா ஓடும் அதே லினக்ஸ் கணினியில் கப்ஸ் என்ற அச்சு சர்வர் மென்பொருளைப் போடுவது நல்லது. அது போர்ட் 631-இல் பேசும்; மேக்குக்கு ஏர்பிரிண்டாகத் தெரியும். விண்டோஸ் 11 தன்னிடமே உள்ள பொது டிரைவரான ஐபிபி கிளாஸ் டிரைவரோடு இணையும், மாடல் டிரைவர் லினக்ஸில் மட்டும் இருந்தால் போதும். ஆனால் மாடலைப் பார்த்து இறங்குங்கள். ஹெச்பி லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் தன் ஃபர்ம்வேரைக் கணினியிலிருந்து வாங்கிக்கொள்ளும். ஹெச்பிலிப் என்ற ஹெச்பியின் லினக்ஸ் மென்பொருளுக்கான கூடுதல் பிளக்இன் இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் ஊமையாகிவிடும். கேனன் எல்பிபி 2900-க்குக் கேனன் கொடுத்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைச் செயலிகளுக்கானது. ராஸ்பெர்ரி பை வாங்கிவிட்டு அதற்கு டிரைவர் தேடி அலைவதைவிட, மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டுவது மேல்.