அப்பாவின் மைலோ டின்னும் தாப்பா பாய் கடையும்

மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊரான தாப்பாவில் பணம் மாற்ற எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் ஒரே ஒரு கடையைத்தான் சொல்வேன். பெரிய சாலையில் சீன மருந்துக் கடையை ஒட்டி, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் நிறைந்துவிடுகிற கடை. பெயர்ப் பலகை வெளுத்துப்போய் எழுத்தே தெரியாது. ஊரில் எல்லாருக்கும் அது பாய் கடை. பத்து வருடமாக அங்கேதான் இந்திய ரூபாயும் சிங்கப்பூர் வெள்ளியும் மாற்றுகிறேன். விலை பக்கத்துப் பெரிய ஊரான ஈப்போவை விட ஒரு இம்மி முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இப்போது எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு. போன தீபாவளிக்கு முன்னால் அந்தக் கடையில், அவர்களுக்கு ஒரு காசு லாபம் இல்லாத ஒரு வேலையை எனக்காக உட்கார்ந்து செய்து கொடுத்தார்கள்.

அப்பா 2023இல் தவறினார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயம் காலியானதும் டாக்சி ஓட்ட வந்தார். இன்னொரு வழியான சிம்பாங் பூலாய் சாலை வருவதற்கு முன்பு கேமரன் மலைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் தாப்பா வழியாகத்தான் போக வேண்டும். தாப்பா ரோடு ஸ்டேஷனில் மூட்டையோடு இறங்குவார்கள். அப்பாவிடம் இருந்தது ஒரு பழைய டீசல் மெர்சிடிஸ். ஜெர்மன்காரர்கள் அதைப் பார்த்ததும் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி தட்டிக் கொடுப்பார்களாம். மலைமேல் தானா ராத்தாவில் இறங்கும்போது ரிங்கிட்டில் வாடகை கொடுத்துவிட்டு, கையில் மிச்சமிருக்கிற அவர்கள் ஊர்க் காசையும் நோட்டையும் நினைவுக்கு என்று கொடுப்பார்கள். அப்பா அதையெல்லாம் மைலோ டின்னில் போட்டு, அம்மாவின் சேலை அலமாரியில் வைத்திருந்தார்.

தீபாவளிக்கு வீடு கழுவும்போது டின் கைக்கு வந்தது. முதலில் ஒரு பெரிய ஊர்ப் பேரங்காடியில் இருக்கிற பணமாற்றுக் கடைக்குத்தான் எடுத்துப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நோட்டைக் கையில்கூட வாங்கவில்லை. “எல்லாம் செல்லாக் காசு. வேணும்னா டின்னோட 30 வெள்ளி தரேன்” என்றார். வெள்ளி என்று நாங்கள் சொல்வது ரிங்கிட்டைத்தான். செல்லாத காசுக்கு எதற்கு 30 வெள்ளி தருகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் டின்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் பாய் கடை. கல்லாவில் இருந்த பையன், “இதெல்லாம் எடுக்கிறதில்லக்கா” என்றான். அதோடு திரும்பியிருப்பேன். உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரிய பாய்தான், “டேய், தங்கச்சிய உள்ள வரச் சொல்லு” என்றார்.

அவர் சின்ன வயதில் பினாங்கு பிட் ஸ்திரீட்டில் மாமாவின் பணமாற்றுக் கடையில் வேலை பழகியவர். கப்பல்காரர்கள் கொண்டுவரும் மார்க், கில்டர், லீரா என்று ஐரோப்பாவின் பழைய பணமெல்லாம் அவர் கைபட்டவை. டின்னைக் கவிழ்த்து, நாட்டுவாரியாகப் பிரித்து, நோட்டுகளை விரலால் நீவி அடுக்கினார். அப்புறம் மேசைக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, அடியிலிருந்து ஒரு தாளை உருவினார்.

அந்தத் தாளை நான் மறக்கமாட்டேன். ஐரோப்பிய நாடுகள் பல தங்கள் பழைய பணத்தை விட்டுவிட்டு ஏற்றுக்கொண்ட பொதுப் பணம் யூரோ. 2002 ஜனவரி 1ஆம் தேதி அதன் நோட்டும் காசும் புழக்கத்துக்கு வந்த சமயத்தில் டைப் அடித்து நகலெடுத்த தாள். ஓரம் மஞ்சளாகி, மடிப்பில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. 12 நாடுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். ஒரு யூரோவுக்கு ஜெர்மன் மார்க் 1.95583. பிரெஞ்சு பிராங்க் 6.55957. இத்தாலி லீரா 1936.27. ஸ்பெயின் பெசெட்டா 166.386. பெல்ஜியத்துக்கும் லக்சம்பர்க்குக்கும் ஒரே எண், 40.3399. கீழே பேனாவால் பிறகு சேர்த்த எட்டு நாடுகள்: 2007இல் ஸ்லோவேனியாவில் தொடங்கி 2023இல் குரோஷியா வரைக்கும். சில நாடுகளுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு தேதி.

“ஏன் பாய் இப்படி உடைசல் உடைசலா நம்பர்?” என்று கேட்டேன். 1998 டிசம்பர் 31ஆம் தேதி சந்தை விலை என்னவோ அதை வைத்து ஆறு இலக்கத்தில் பூட்டிவிட்டார்களாம். அதைச் சுருக்கவும் கூடாது, நீட்டவும் கூடாது என்று சட்டம். முதல் 11 நாடுகளுக்கு 1999 ஜனவரி 1 முதல் அதுதான் கணக்கு. கிரீஸ் 2001இல் சேர்ந்தது. நம் ரிங்கிட்டை 1998 செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்தார்கள், 2005 ஜூலையில் அவிழ்த்துவிட்டார்கள். இது அவிழாத கட்டு. மார்க் என்ற பெயர் போய் இத்தனை வருடமாகியும் அந்த 1.95583 அப்படியே நிற்கிறது.

“பேருதாம்மா செத்துப்போச்சு, மதிப்பு உயிரோட இருக்கு. ஆனா எல்லா நாட்டுக்கும் இல்ல. சிவப்புல தேதி இருந்தா கவனமாப் பாக்கணும்” என்றார். தேதி தாண்டியிருந்தால் அந்த நாட்டு மத்திய வங்கி இனி வாங்காது என்று அர்த்தம்.

முதலில் எடுத்தது என் மனசு கனத்த நோட்டு. 100 பிராங்க், ஓவியர் செசான் படம் போட்டது, பின்பக்கம் ஆப்பிள் பழங்கள். யூரோவில் 15.24. எதிரே சிவப்பில் 17.2.2012. பத்து வருடம் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பத்து வருடமும் டின் அதே அலமாரியில்தான் இருந்தது, அப்பாவும் இருந்தார், நானும் இருந்தேன். கேட்கத் தெரியவில்லை. ஸ்பெயினின் 500 பெசெட்டா காசு ஒன்று, மூன்று யூரோ சொச்சம். அதற்குக் கடைசி நாள் 30.6.2021.

லீராதான் டின்னில் அதிகம். ஆயிரம் லீரா நோட்டு 14. என் மகள் வீட்டிலேயே “ஆயிரம் ஆயிரமா இருக்கும்மா!” என்று குதித்தாள். பாய் கணிப்பானில் தட்டிக் காட்டினார்: பதினாலாயிரம் லீராவும் சேர்ந்து 7 யூரோ 23 காசு. அதுவும் இப்போது கிடைக்காது. 2012 பிப்ரவரி வரை மாற்றலாம் என்று சொல்லியிருந்த இத்தாலி அரசு, கடன் நெருக்கடியில் 2011 டிசம்பர் 6ஆம் தேதியே கதவைச் சாத்திவிட்டது. இதைச் சொல்லும்போது பாய்க்கு இன்னும் கோபம். வாக்குக் கொடுத்த தேதிக்கு முன்னால் கல்லாவை மூடுவது எந்த ஊர் வியாபாரம் என்று கேட்டார்.

அந்த நோட்டில் இருக்கிற அம்மா யார் என்று பாய்க்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. நான் பாலர் பள்ளி ஆசிரியை. அவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மொந்தெஸ்ஸோரி. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர். நாங்கள் பிள்ளைகளுக்கு மணியும் கட்டையும் கொடுத்து எண்ணச் சொல்லித் தருவது அவர் வழியில்தான். லீரா செல்லாது என்று தெரிந்ததும் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு நோட்டுக்குச் சட்டம் போட்டு வகுப்பில் மாட்டியிருக்கிறேன்.

அப்புறம் மார்க். பத்து மார்க் நோட்டு ஆறு, இருபது இரண்டு, ஐம்பது ஒன்று. காசில் ஐந்து மார்க் ஒன்று, ஒரு மார்க் எட்டு, ஐம்பது பென்னிக், அதாவது அரை மார்க், ஐந்து. ஜெர்மனி வரிசையில் சிவப்புத் தேதியே இல்லை. நோட்டும் சரி, காசும் சரி, ஜெர்மன் மத்திய வங்கி கால வரம்பில்லாமல் மாற்றித் தருகிறது. இன்னும் திரும்பி வராமல் 1,200 கோடி மார்க்குக்கு மேல் வெளியில் இருக்கிறதாம். அந்தக் கணக்கில் ஒரு துளி எங்கள் சேலை அலமாரியில் இருந்திருக்கிறது.

பத்து மார்க் நோட்டில் கணித மேதை காவுஸ். அவர் பக்கத்தில் மணி கவிழ்த்த மாதிரி ஒரு வளைகோடும் அதன் சூத்திரமும் அச்சாகியிருக்கும். இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவம் படிக்கிற என் மகள் பார்த்ததும், இது கூடுதல் கணிதத்தில் வருகிற கோடு என்றாள். நாட்டின் பணத்தில் கணக்குச் சூத்திரம் போட்டிருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம்.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது ஐம்பது பென்னிக் காசு. நம் 20 காசை விடச் சின்னது. அதில் ஒரு பெண் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கன்றை மண்ணில் நடுகிறாள். தலையில் துணி கட்டியிருக்கிறாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது என் பாட்டி நாற்று மேடையில் ரப்பர் கன்று நடும் கோலமே தெரிந்தது. ஜெர்மனியில் அது ஓக் மரக் கன்று. போரில் அழிந்த நாடு மறுபடி துளிர்க்க வேண்டும் என்று அந்தப் படத்தை வைத்தார்களாம். 1948 ஜூன் 20ஆம் தேதி பழைய பணத்தை ஒதுக்கிவிட்டு, மேற்குப் பகுதியில் ஆளுக்கு 40 மார்க் கையில் கொடுத்துத் தொடங்கிய பணம் அது. பாய் இதைச் சொன்னதும் எனக்குப் பாட்டியின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அதன் அடியில், போர்க்காலத்தில் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் வெளியிட்ட, வாழைமரம் போட்ட நோட்டு ஒரு கட்டு இருந்தது. 1945க்குப் பிறகு அதற்கு ஒரு படி அரிசிகூடக் கிடைக்கவில்லை. தாத்தாவின் மூன்றரை வருட உழைப்பு அந்தக் கட்டு. எங்கள் வீட்டில் பழைய நோட்டு என்றாலே செல்லாது என்று நினைத்துவிட்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நான் அங்கேயே விற்றுவிடத் தயாராக இருந்தேன். பாய்தான் தடுத்தார். “நான் வாங்கினா பாதி விலைதான் தர முடியும்மா, அதுக்கும் அனுப்பி வைக்க எனக்கு ஆள் வேணும். அங்க உங்க ஆளு யாரும் இல்லையா?” அண்ணன் மகன் ஜெர்மனியில் பொறியியல் படிக்கிறான். அப்படியென்றால் அவன் கையில் கொடுத்தனுப்புங்கள், அவன் நேராக மத்திய வங்கிக் கிளைக்குப் போகட்டும். ஆளில்லாவிட்டால்தான் படிவம் நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும், பணம் வங்கிக் கணக்குக்கு வரும் என்றார். ஒரு தாளில் வரிசையாக எழுதி, கூட்டி, 1.95583ஆல் வகுத்து என்னிடம் நீட்டினார். ஒரு ஐம்பது பென்னிக்கை நான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். மிச்சம் 165 மார்க். விடை 84 யூரோ 36 காசு.

விடுமுறை முடிந்து திரும்பும்போது அண்ணன் மகன் எடுத்துப் போனான். கிளையில் எண்ணிப் பார்த்து, கட்டணம் எதுவும் பிடிக்காமல், 84.36 யூரோ கொடுத்திருக்கிறார்கள். பாய் எழுதிய தாளில் இருந்த அதே எண். நம் பணத்துக்கு 400 வெள்ளிக்கு மேல். டின்னோடு 30 வெள்ளிக்குக் கொடுத்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது.

சரி, கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காசை அவர்கள் வாங்குவதில்லை, எந்த நாட்டுக் காசானாலும். கடைப் பையனுக்குப் புழக்கத்தில் இருக்கிற பணம் மட்டும்தான் தெரியும், அதனால் பழைய நோட்டு என்றால் பெரிய பாய் இருக்கிற காலை நேரத்தில் போங்கள். பத்து மணியிலிருந்து மதியம் வரை இருப்பார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மூடிவிடுவார்கள், மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். யூரோ வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. ரசீது கேட்காமலே தருவார்கள். பாய் எழுதித் தந்த அந்தத் தாளுக்குக் காசு கொடுக்கப் போனபோது, அடுத்த தடவை சென்னைக்குப் போகும்போது ரூபாயை இங்கேயே மாற்றுங்கள், அது போதும் என்றார்.

இன்னும் இரண்டு நோட்டு கையில் இருக்கிறது. ஒன்று உளவியல் மேதை பிராய்ட் படம் போட்ட ஆஸ்திரியாவின் 50 ஷில்லிங், மூன்றரை யூரோவுக்குக் கொஞ்சம் மேல். அதற்கும் கெடு இல்லை. மற்றது ஹாலந்தின் 50 கில்டர். முகம் கிடையாது, நோட்டு முழுக்க ஒரு சூரியகாந்திப் பூ, மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். 22 யூரோ 69 காசு பெறும். அதைப் பாய் ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே சிவப்புப் பேனாவால் 1.1.2032 என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். உறையை அலமாரிக்குள் வைக்கவில்லை. நாள்காட்டிக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகிறது.