ஒரே வீச்சிலா, படிப்படியாகவா, தூர்வாரிய பிறகா: அணையை எடுக்கும்போது மீனுக்கு எது நல்லது?

பெங்களூரிலிருந்து கனகபுரா வழியாகச் சென்றால், அர்க்காவதி காவிரியோடு கலக்கும் சங்கமத்தை அடையலாம். சென்ற கோடையில் அங்கே இரண்டு ஆறுகளிலிருந்தும் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தேன். காவிரிக் கல்லின் அடிப்பக்கம் கைக்குச் சொரசொரப்பாக இருந்தது. அர்க்காவதிக் கல்லிலோ கருஞ்சேறு வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. சரளைக்கற்களின் இடுக்கில் முட்டையிடும் மீன்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. இடுக்கின் வழியே நீர் ஓடினால்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். நுண்ணிய வண்டல் அதை அடைத்துவிட்டால் முட்டை மூச்சடைத்து அழுகிவிடும். ஆகவே பழைய அணை ஒன்றை அகற்றும்போது, சுவரை எப்படி உடைப்பது என்பதைவிட அதன் பின்னால் பல பத்தாண்டுகளாகத் தேங்கிய வண்டலை என்ன செய்வது என்பதே முதல் கேள்வி.

ஒரே வீச்சில் உடைப்பது ஒரு வழி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒயிட் சால்மன் ஆற்றின் குறுக்கே நின்ற கான்டிட் அணையின் அடியில் சுரங்கம் குடைந்து, 2011 அக்டோபரில் வெடிவைத்துத் திறந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நீர்த்தேக்கம் வற்றியது. வண்டலின் பெரும்பகுதி சில மாதங்களில் அடித்துச் செல்லப்பட்டது. கேட்கக் கொடூரமாக இருந்தாலும், முட்டையிட வந்த சினூக் சால்மன்களை முன்கூட்டியே பிடித்து அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டிருந்ததால், அவற்றின் முட்டைகள் சேற்றுக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக இருந்தன. அந்த முன்னேற்பாடு இல்லாமல் இந்த முறையை என்னால் ஏற்க முடியாது.

படிப்படியாகக் குறைப்பது இரண்டாவது வழி. அதே மாநிலத்தின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகளையும் 2011 முதல் 2014 வரை சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். அவற்றுள் கிளைன்ஸ் கேன்யன் 64 மீட்டர் உயரமுடையது. இரண்டிலும் சேர்ந்து தேங்கியிருந்த வண்டல் சுமார் 2.1 கோடி கன மீட்டர். இவ்வளவையும் ஒரேயடியாக விட்டால் ஆறு தாங்காது என்பதால், மீன்கள் இடம்பெயரும் பருவங்களில் வேலையை நிறுத்திவைத்தார்கள். ஒரு பகுதி மீன்களைத் தெளிந்த துணையாறுகளுக்கு மாற்றினார்கள். இதற்கான விலை, கலங்கல் பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு பருவத்துக் கலங்கலிலிருந்து மீன் ஒதுங்கித் தப்பலாம். தொடர்ந்து பல பருவங்கள் கலங்கினால், அந்த ஆண்டுகளில் பிறக்க வேண்டிய தலைமுறைகளே அடிபடும்.

தேர்ந்தெடுத்த முறை சரியாக இருந்தாலும் ஒரு சிறு கணக்குப் பிசகு போதும். அமெரிக்காவின் கிளமத் ஆற்றில் அணைகளை அகற்றுவதற்காக 2024 தொடக்கத்தில் நீர்த்தேக்கங்களை வடித்தபோது, பண்ணையில் வளர்த்து விட்ட 8 லட்சத்துக்கும் மேற்பட்ட சால்மன் குஞ்சுகள் அயர்ன் கேட் அணையின் சுரங்கப்பாதையைக் கடந்தபோது அழுத்த மாற்றத்தால் இரத்தத்தில் வாயுக் குமிழி ஏறி இறந்தன. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் சால்மன்கள் அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே சென்றன என்பது உண்மை. ஆயினும் குஞ்சுகளை அணைக்குக் கீழே விட்டிருந்தால் அந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பதும் உண்மையே.

மூன்றாவது வழி, வண்டலை முதலில் கையாண்டு, பிறகு சுவரில் கைவைப்பது. பிரான்சின் செலூன் ஆற்றில் 36 மீட்டர் உயர வெசான் அணையை எடுக்கும்போது, வண்டலின் ஒரு பகுதியில் கன உலோகங்கள் கலந்திருந்ததால், அதை ஒதுக்கிக் கெட்டிப்படுத்திய பிறகே 2019-ல் இடிக்கத் தொடங்கினார்கள். செலவும் காலமும் மற்ற இரண்டையும்விட அதிகம். ஆனால் 1973-ல் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றின் ஃபோர்ட் எட்வர்ட் அணையை இந்தக் கவனம் இல்லாமல் அகற்றியதால், அதன் பின்னால் அடைபட்டிருந்த பிசிபி என்னும் தொழிற்சாலை நச்சு கீழ்நோக்கிப் பரவியது. தூர்வாரும் செலவை வீண் என்பவர்கள் அந்த ஆற்றைச் சுத்தம் செய்ய ஆன செலவையும் பார்க்க வேண்டும்.

என் கணிப்பில், வண்டல் சுத்தமாகவும் அளவில் குறைவாகவும் இருந்தால் முதல் வழியே மீனுக்கு நல்லது. சுத்தமான வண்டல் மலையாகக் குவிந்திருந்தால் இரண்டாவது. நஞ்சு கலந்திருந்தால் மூன்றாவதைத் தவிர வேறு வழியே இல்லை.

இந்த அளவுகோலை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. மழைவெள்ளம் வண்டலைக் கழுவிவிடும் என்று நம்பி அதற்கேற்ப நாள் குறித்தால், இங்கே அதே தென்மேற்குப் பருவமழையில்தான் மஹசீர் என்னும் பெரிய ஆற்று மீன் முட்டையிட மேல்நோக்கி நீந்துகிறது. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் மிக அருகிவிட்ட இனமாக 2018-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு ஒரு பருவத்தைக்கூட இழக்கக் கட்டுப்படியாகாது. பெங்களூரின் சாக்கடையையும் பீன்யா தொழிற்பேட்டைக் கழிவையும் சுமந்து வரும், அர்க்காவதியின் துணையாறான விருஷபாவதியின் குறுக்கே, பிடதிக்கு அருகில் பைரமங்கலா அணை நிற்கிறது. ஒரு பேச்சுக்கு, அதை அகற்ற யாரேனும் முன்வந்தால், திட்ட வரைபடம் போடுவதற்கு முன்பே ஏரிப் படுகையில் பல இடங்களில் ஆழத் துளையிட்டு, அடுக்கடுக்காகச் சேற்றை எடுத்துச் சோதிக்க வேண்டும். அங்கிருந்து புறப்படும் சேறு அர்க்காவதி வழியே, நான் கல்லைப் புரட்டிய அதே சங்கமத்துக்குத்தான் வந்து சேரும்.