மரண தண்டனைக்கு எதிரான உலக நாள் பரப்புரைத் தொகுப்பு: யாழ்ப்பாணத்தில் அப்படியே அச்சடிக்கலாமா?

ஒக்டோபர் 10, மரண தண்டனைக்கு எதிரான உலக நாள். 2003இல் தொடங்கியது. இதற்கென மரண தண்டனைக்கு எதிரான உலகக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் சுவரொட்டி, தகவல் தாள், செயற்பாட்டுக் கையேடு எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சுவரொட்டி கண்ணைப் பிடிக்கும், தகவல் தாளும் கவனமாகச் செய்தது. ஆனால் தமிழாக்கி அப்படியே யாழ்ப்பாணத்தில் கொடுத்தால் பாதிப் பேர் பிழையாகத்தான் விளங்கிக்கொள்வார்கள்.

முதற் சிக்கல் நாடுகளின் வகைப்பாடு. பத்து ஆண்டுகளாக எவருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றாத நாடுகள் 'நடைமுறையில் ஒழித்தவை' என்ற பிரிவில் வருகின்றன, இலங்கையும் அதற்குள். வாசிப்பவர் "இஞ்ச அது இல்லைத்தானே" என்று தாளை மடித்துவிடுவார். இங்கே கடைசித் தூக்கு 1976 ஜூன் 23. தீர்ப்புகள் நிற்கவில்லை. புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் அலுகோசு (தூக்கிலிடுபவர்) பதவிக்கு விளம்பரம் போட்டார்கள்; ஜூனில் நான்கு பேரைத் தூக்கிலிடும் ஆணையில் அப்போதைய சனாதிபதி சிறிசேன கையெழுத்தும் வைத்தார். உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைதான் காப்பாற்றியது. ஆகவே அந்தச் சொற்றொடரை எடுத்துவிட்டு, 'சட்டத்தில் இருக்கிறது, 1976 முதல் நிறைவேற்றப்படவில்லை' என்று போடுங்கள்.

அடுத்தது நீதிமன்றப் பெயர்கள். தமிழ்நாட்டில் மொழிபெயர்த்த தாளில் 'உயர் நீதிமன்றம்' என்றால் மாநில நீதிமன்றம். எங்களுக்கோ அதுதான் நாட்டின் உச்சி. அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம். இதை மாற்றாவிட்டால் மேன்முறையீடு எங்கே போகிறது என்பதே தலைகீழாகிவிடும்.

தொகுப்பின் பெரிய குறை, இங்கே கட்டாயம் கேட்கப்படும் கேள்விக்கு அதில் பதில் இல்லாதது: "மிருசுவிலுக்கு என்ன சொல்லுறியள்?" அந்த ஊரில் 2000 டிசெம்பரில் ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 2015இல் இராணுவத்தினன் ஒருவனுக்கு மரண தண்டனை. 2020 மார்ச்சில் அடுத்த சனாதிபதி கோட்டாபயவின் மன்னிப்பு, ஆள் வெளியே. இதை மழுப்பக்கூடாது, தனிப் பக்கமாகவே சேர்க்க வேண்டும். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்பு வழங்குமுன் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை மூன்றும் வரவேண்டும். அவை பகிரங்கமாக வேண்டும் என்று கேட்பதும் இந்தப் பரப்புரையின் வேலையே. தூக்குத் தீர்ப்பு அந்தக் குடும்பங்களுக்கு எந்த உறுதியையும் தரவில்லை.

பிழையான தீர்ப்புக்கு உதாரணமாகத் தூரத்து வழக்குகளைத் தேடவேண்டாம். ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் 26 பேருக்குத் தூக்கு. 1999இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதில் நால்வருக்கு மட்டும் உறுதிசெய்து, 19 பேரை விடுவித்தது. அந்த நால்வரில் ஒருவரான சாந்தன் உடுப்பிட்டிக்காரர். தண்டனை 2014இல் ஆயுளாகக் குறைந்தது; 2024 பெப்ரவரியில் சென்னையில் இறந்தார், ஊருக்கு உடல்தான் வந்தது. இந்த வரிகளுக்கு இங்கே விளக்கவுரை தேவையில்லை.

அச்சுக்கு: ஏ4, மூன்று மடிப்பு, 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள் போதும். தமிழ் ஆங்கிலத்தைவிட இடம் பிடிக்கும். எழுத்தை 11 புள்ளிக்குக் கீழே இறக்காமல் வசனத்தை வெட்டுங்கள். அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்தால் யூனிகோட் கோப்பை மாற்றிக்கொடுக்க வேண்டும். இல்லையேல் 'கொலை'யில் கொம்பு ககரத்துக்கு வலப்புறம் போய் ஒட்டிக்கொள்ளும், தலைப்பிலேயே. எழுத்துகளை வடிவமாக மாற்றிய பிடிஎப் கொடுப்பது பாதுகாப்பு. ஒரு தாளை முதலில் அடித்துப் பார்க்காமல் ஆயிரம் அடிக்கச் சொல்லாதீர்கள். ஒலிபெருக்கி வைப்பதானால் பொலிஸ் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

கைதிகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லும் பகுதி தொகுப்பிலேயே சிறந்தது, அப்படியே எடுக்கலாம். ஒரு எச்சரிக்கையை மட்டும் தடித்த எழுத்தில் சேருங்கள்: சிறைக் கடிதங்கள் பிரித்து வாசிக்கப்படும், மேன்முறையீடு நடக்கும்போது வழக்கைப்பற்றி ஒரு வரிகூட எழுதவேண்டாம்.