முழு எண் நேரியல் கணக்குக்கு சிபிசியா, ஹைஸா?

உற்பத்தி அட்டவணை, ஷிப்ட் ஒதுக்கீடு மாதிரி முழு எண் மாறிகள் கலந்த நேரியல் கணக்கை ஓப்பன் சோர்ஸ் சால்வரில் (இத்தகைய கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) ஓட்ட, நான் எடுத்திருப்பது ஹைஸ். ஜிஎல்பிகே என்ற சால்வர் பாடம் படிக்கப் போதும். கணக்கு கொஞ்சம் பெருத்தாலே திணறும். பெர்லினில் உருவான ஸ்கிப் என்ற சால்வர், 2022 இறுதியில் அப்பாச்சி 2.0 லைசென்ஸுக்கு மாறியது; கம்பெனி வேலைக்கும் இப்போது தடையில்லை. நேரியல் அல்லாத கட்டுப்பாடுகள் இருந்தால் ஹைஸை விட்டுவிட்டு அதற்கே போகலாம்.

உண்மையான போட்டி சிபிசி என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் சால்வருக்கும் ஹைஸுக்கும்தான். கணக்கைப் பைத்தானில் எழுதி சால்வருக்கு அனுப்ப உதவும் பல்ப் நூலகத்தின் பெரும்பாலான பதிப்புகளை நிறுவினாலே சிபிசியும் கூடவே வந்துவிடும். அதனால்தான் பலரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: நேர வரம்பு முடிந்ததும் சால்வர் என்ன சொல்கிறது? செலவு 10,00,000 என்று ஒரு விடை கிடைத்து, கீழ்வரம்பு (செலவு இதற்குக் கீழே போக முடியாது என்று சால்வர் நிரூபித்த அளவு) 9,60,000-லேயே நின்றால் இடைவெளி 4%. சிபிசி இதைத் தன் லாகில் (ஓட்டப் பதிவில்) சரியாகவே எழுதும். ஆனால் பல்ப் வழியாக ஓட்டினால், ஸ்டேட்டஸில் ‘ஆப்டிமல்’ (உகந்தது) என்றே வந்து நிற்கும். தீர்வுக்கென்று தனியாக உள்ள ஸ்டேட்டஸைப் பார்த்தால்தான் தெரியும்: 1 என்றால் உகந்த விடை, 2 என்றால் கிடைத்த விடை மட்டுமே. இதைக் கவனிக்காமல் அட்டவணையை ஷாப் ஃப்ளோருக்கு அனுப்பிவிடுவது ரொம்பச் சுலபம்.

ஹைஸை அதன் பைத்தான் நூலகமான ஹைஸ்பை வழியாக நேரடியாக அழைத்தால், நேர வரம்பில் நின்றதை மாடல் ஸ்டேட்டஸே சொல்லும். இடைவெளியையும் எண்ணாக எடுக்கலாம். நிறுவ ஒரு பிப் கட்டளை போதும், லைசென்ஸ் எம்ஐடி. இடைவெளி எவ்வளவு சுருங்கினால் சால்வர் நிற்க வேண்டும் என்பதன் இயல்பு அளவு 0.0001, நடைமுறைக் கணக்குக்கு 0.01 வைத்து, நேர வரம்பு 300 விநாடி கொடுத்துத் தொடங்குங்கள். லாகில் கீழ்வரம்பு நகரவே இல்லையென்றால் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை, கட்டுப்பாடுகளை இறுக்க வேண்டும். விடைதான் மேம்படவில்லையென்றால், கைவசம் உள்ள பழைய அட்டவணையைத் தொடக்க விடையாகக் கொடுங்கள்.

நான் சொல்வது சில ஆயிரம் பைனரி (0 அல்லது 1) மாறிகள் வரையிலான கணக்குகளை வைத்து. லட்சக்கணக்கில் போனால் இரண்டையும் உங்கள் தரவிலேயே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்த சால்வரை எடுத்தாலும் பிக்-எம் மதிப்பில் கவனம் வேண்டும்: உற்பத்தி ≤ எம் × செட்டப் மாறி (மெஷின் ஓடினால் 1, இல்லையேல் 0) என்று எழுதும்போது வரும் பெரிய எண் அது. எம் 1 கோடி, சகிப்பு அளவு (முழு எண்ணிலிருந்து சால்வர் பொறுத்துக்கொள்ளும் விலகல்) 0.000001 என்றால், செட்டப் மாறியை 0 என்று காட்டிக்கொண்டே 10 யூனிட் உற்பத்தி நுழைந்துவிடும். அந்த மெஷினின் ஒரு நாள் கொள்ளளவு 500 என்றால் எம்மும் 500-ஆகவே இருக்கட்டும்.