‘பச்சை’ என்று விற்பதெல்லாம் பச்சையா? முந்திரி முதல் தேன் வரை

சமைக்காத உணவுக்கு மாறுகிறவர்கள் தங்கள் வீட்டு அடுப்பை மட்டும்தான் அணைக்கிறார்கள். வாங்கி வரும் பொருளில் பாதி ஏற்கெனவே வேறு யாருடைய அடுப்பிலோ ஏறி இறங்கியிருக்கும். இந்த உணவுமுறைக்காரர்கள் பெரும்பாலும் 42 முதல் 48 டிகிரி செல்சியஸ் வரையிலான ஏதோ ஒரு புள்ளியை, அதைத் தாண்டினால் பச்சை இல்லை என்று, எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த எல்லைக்குள் நிற்பது எது, தாண்டிவிட்டது எது என்று லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓட்டை உடைக்க, தோலை நீக்க, கெடாமல் வைக்க: இந்த மூன்றில் எதற்காவது அந்தப் பொருளுக்குச் சூடு தேவைப்பட்டதா என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில் முந்திரி. ‘பச்சை முந்திரி’ என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் வறுக்கவில்லை, உப்புப் போடவில்லை என்றுதான் பொருள். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். அதனால் பண்ருட்டியானாலும் கொல்லமானாலும் உடைக்கும் முன்பே கொட்டையை ஆவியில் வேகவைப்பார்கள், அல்லது டிரம்மில் போட்டு வறுப்பார்கள். பிறகு பருப்பின் மேல்தோல் கழன்று வர 70 டிகிரி அளவில் பல மணி நேரம் உலரவைப்பார்கள். ஆக, கடையில் கிடைக்கும் வெள்ளை முந்திரி இரண்டு முறை சூடு கண்டது. 240 ரகம், 320 ரகம் என்பதெல்லாம் பருப்பின் அளவைச் சொல்வது. சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதே காசுக்கு வேர்க்கடலை பல மடங்கு கிடைக்கும், சூடும் படாதது. தோட்டத்தில் பிடுங்கி வெயிலில் காயவைத்த காயை உடைக்கச் சூடு வேண்டியதில்லை. இதில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. உடைக்கும் மெஷினில் பருப்பு நொறுங்காமலிருக்க சில இடங்களில் காயை நனைத்துப் போடுவார்கள். அந்த ஈரம் சரியாக உலராவிட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு சேரும். அது கழுவினாலும் போகாது. அதனால் தொலியோடு வாங்கி வீட்டில் கையால் உடைப்பதே மேல். சுருங்கியது, நிறம் மாறியது, வாயில் கசப்பது எதையும் தயங்காமல் எறியுங்கள்.

பாதாமில் கொஞ்சம் குழப்பம் உண்டு. கலிஃபோர்னியா பாதாமை அமெரிக்காவுக்குள் விற்பதானால் ஆவியாலோ வாயுவாலோ கிருமி நீக்க வேண்டும் என்ற விதி 2007 செப்டம்பரில் வந்தது. வட அமெரிக்காவுக்கு வெளியே போகும் சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தியாவுக்கு ஓட்டோடு நிறைய வந்து இங்கேயே உடைபடுகிறது. ஆகவே இங்குள்ள சாதாரண பாதாம், அமெரிக்கக் கடையில் ‘ரா’ (raw, பச்சை) என்று எழுதி விற்கும் பாதாமைவிடப் பச்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். வேடிக்கைதான். பாக்கெட்டில் ‘பாஸ்ச்சுரைஸ்டு’ (கிருமி நீக்கியது) என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓட்டோடு கிடைக்கும் அக்ரூட்டும் நல்ல தேர்வு.

முழு விதை எதுவானாலும் வீட்டிலேயே சோதிக்க முளைப்புச் சோதனை இருக்கிறது. வேர்க்கடலையில் 20 பருப்பை எண்ணி எடுத்து 8 மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். துணி காயக் கூடாது, சொட்டவும் கூடாது. இரண்டு நாளில் பதினைந்துக்கு மேல் முனை விட்டால் சூடு படாத சரக்கு. ஒன்றுகூட முளைக்காவிட்டால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பழைய சரக்கும் முளைக்காது. அறுவடையான புதிதில் கொடிக்கடலை என்ற படரும் வேர்க்கடலை ரகமும் முளைக்காது, அதற்கு உறக்க காலம் உண்டு. கொத்தாகக் காய்க்கும் வேர்க்கடலை ரகத்துக்கு அது அநேகமாகக் கிடையாது. முளைத்தால் பச்சை என்பது உறுதி, முளைக்காவிட்டால் எதுவும் உறுதியில்லை. இரண்டாக உடைத்த பருப்பு, தோல் நீக்கிய வெள்ளை எள் ஆகியவற்றுக்கு இந்தச் சோதனையே செல்லாது. எள் வேண்டுமென்றால் தோலோடு இருக்கும் கறுப்பு எள்ளாக வாங்குவது இதனால்தான்.

அடுத்தது அவல். ‘அடுப்பில்லாத சமையல்’ என்றால் முதலில் வந்து நிற்பது இதுதான். ஆனால் நெல்லை ஊறவைத்து, வடித்து, சட்டியில் வறுத்து, சூடு ஆறும் முன் இடித்துத் தட்டையாக்கியதே அவல். தண்ணீர் பட்டதும் அது மெத்தென்று ஆவதே ஏற்கெனவே வெந்துவிட்டதால்தான். சிவப்பு அவல், பாரம்பரிய நெல் அவல் எல்லாம் இதே வழிதான். ஓட்ஸும் ஆவி கண்டதே. அவல் கெட்ட உணவு என்று சொல்லவில்லை. பச்சை உணவுக் கணக்கில் அதற்கு இடமில்லை, அவ்வளவே.

அந்த இடத்துக்கு முளைகட்டிய பச்சைப்பயறு வரலாம். 100 கிராம் பயறை நன்றாகக் கழுவி 8 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீரில் அலசுங்கள். முளை அரை அங்குலம் வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றி இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். வழுவழுப்பும் புளிப்பு வாடையும் வந்தால் அடியில் நீர் தேங்கியிருக்கிறது. அலசித் தின்னலாம் என்று பார்க்காதீர்கள். முளைக்கு ஏற்ற வெதுவெதுப்பும் ஈரமும் சால்மோனெல்லாவுக்கும் ஏற்றவை. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் வேகவைத்தே சாப்பிடட்டும். ராஜ்மாவை யாரும் பச்சையாக முளைகட்டித் தின்னக் கூடாது. அதிலுள்ள லெக்டின் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். முளைகட்டினாலும் முழுதாகப் போகாது.

எண்ணெய்க்கு வந்தால் ‘செக்கு’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றின் மீதும் ஒட்டிவிட்டார்கள். எக்ஸ்பெல்லர் என்ற இரும்புத் திருகு இயந்திரத்தில் பிழியும் எண்ணெய் நன்றாகவே சூடாகிவிடும்; அதைப் பேசவே வேண்டாம். மரச்செக்கில் மெதுவாகச் சுற்றினால் எண்ணெய் வெதுவெதுப்பாகவே வடியும். ஆனால் மரச்செக்கு நல்லெண்ணெயில் எண்ணெய் பிரிய எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். பத்து கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. கருப்பட்டி காய்ச்சி எடுத்த பொருள். கண்டிப்பானவர்கள் கருப்பட்டி போடாமல் ஆட்டித் தரச் சொல்ல வேண்டும். எண்ணெய் கொஞ்சம் குறைவாகவே விழும், மில்காரர் முணுமுணுப்பார்.

தேங்காய் எண்ணெயில் கேள்வி செக்கைவிடக் கொப்பரையைப் பற்றியது. புகைபோட்டு உலர்த்தியதா, களத்தில் வெயிலில் காய்ந்ததா? புகை என்றால் எண்ணெயில் லேசாக வாடை தெரியும். வெயில் என்றாலும் மே மாதத்து சிமெண்டுத் தரை 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இதற்கு மாற்று, தேங்காய்ப்பாலில் இருந்து எடுப்பது. அதிலும் இரண்டு வகை: பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய், புளிக்கவைத்தோ இயந்திரத்தில் சுழற்றியோ பிரிக்கும் எண்ணெய். முன்னதை விட்டுவிடுங்கள். வீட்டில் செய்ய கெட்டியான முதல் பாலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி 24 முதல் 36 மணி நேரம் அசைக்காமல் வைத்தால், அடியில் தண்ணீரும் மேலே எண்ணெயும் தயிர்போன்ற படலமும் பிரியும். எண்ணெயை அகப்பையால் எடுத்து இருமடங்குத் துணியில் வடிகட்டுங்கள். துளி நீர் தங்கினாலும் சீக்கிரம் சிக்கடித்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்து எண்ணெய் உறைந்ததும் அடிநீரைக் கொட்டிவிடுவது எளிய வழி.

இனிப்பில் வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு மூன்றும் காய்ச்சியவை. மிஞ்சுவது பழமும் பேரீச்சையும் தேனும். பேரீச்சையில் பாகு தடவிப் பளபளக்கும் பாக்கெட்டைத் தவிர்த்து, உலர்ந்து சுருங்கியதாக எடுங்கள்.

கடைத் தேனைப் பெரும்பாலும் 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி வடிகட்டுகிறார்கள். புளிப்பதும் உறைவதும் நிற்கும் என்பதற்காக. கூண்டுத் தேன் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத் தேனில் ஈரம் அதிகம், நுரைக்கும். அதனால் அங்கேயும் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குவது உண்டு. ‘மெழுகு மூடிய அடையில் மட்டும் எடுத்ததா, சூடாக்கினீர்களா?’ என்று கேளுங்கள். தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதுவும் சூட்டைக் காட்டாது. ரப்பர் தேன் சில வாரங்களிலேயே மணல்போல உறைந்தால் அது சீனிப்பாகு அல்ல, அதன் இயல்பே அப்படி. உருக வேண்டுமென்றால் பாட்டிலை 40 டிகிரி நீரில் நிறுத்தி, ஆற ஆற நீரை மாற்றுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது.